அறைவாசம்: மயிலிட்டியிலிருந்து பேராதனை போகிற தம்பிக்கு

விடுதி விண்ணப்பப் படிவத்தில் 'நிரந்தர முகவரி' என்று ஒரு கட்டம் இருக்கும். மயிலிட்டிப் பிள்ளை முதலில் இடறி விழுகிற இடம் அதுதான். உம்முடைய அப்பா பிறந்தது மயிலிட்டியில். 1990 ஜூனில் போரில் ஊர் முழுவதும் எழும்பி ஓடியது. நீர் பிறந்தது மல்லாகத்திலோ சுன்னாகத்திலோ ஒரு நலன்புரி முகாமில். கோணப்புலம், நீதவான், சபாபதிப்பிள்ளை என்று ஏதோ ஒரு பெயர் அதற்கு. அரசாங்கக் காகிதங்களில் அந்த விலாசம் 'தற்காலிகம்'. அந்தத் தற்காலிகம் 27 வருடம் ஓடியது. 2017 ஜூலை 3ஆம் திகதி துறைமுகத்தையும் அதையொட்டிய 54 ஏக்கரையும் இராணுவம் விட்ட பிறகுதான் முடிந்தது. அப்போதும் எல்லாருக்கும் முடியவில்லை.

இந்தக் கதை முழுவதையும் கட்டத்துக்குள் எழுதாதேயும். கட்டம் சின்னது. விதானையாரிடம் போய் (கிராம அலுவலர் என்று சட்டம் சொல்லும், ஊர் இன்னும் விதானையார் என்றுதான் சொல்லும்) வீட்டு வருமானத்துக்கும் வதிவிடத்துக்கும் ஒரு கடிதம் வாங்கி இணையும். தூரம் கேட்டால் தயங்காமல் எழுதும். கண்டியில் தொடங்கி யாழ்ப்பாணத்தில் முடிகிற ஏ9 வீதி 321 கிலோமீற்றர். நீர் அது முடிந்த பிறகும் போய், கடல் தடுக்கிற இடத்தில் இருக்கிறவர். தூரப் போட்டியில் உம்மை வெல்ல ஆளில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கிடைத்த உம்முடைய கூட்டாளிக்கு இந்த யோகம் இல்லை. திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போய் வரலாமே என்று வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவர் அம்மாவின் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டு படிக்கட்டும். அவருக்கு இந்தக் கையேட்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

சாமான் கட்டுவது

அம்மா ஒரு பட்டியல் வைத்திருப்பா. அதில் நல்லெண்ணெய், வேப்பம்பூ வடகம், கோயில் திருநீறு, மிளகாய்த்தூள் எல்லாம் இருக்கும், பூட்டு இருக்காது. பூட்டு முக்கியம். கள்ளனுக்காக இல்லை, குரங்குக்காக. பேராதனைக் குரங்குகள் பல தலைமுறையாகப் பல்கலைக்கழகத்தில் இருப்பவை. யன்னலைத் திறந்து வைத்துவிட்டு விரிவுரைக்குப் போகிற புதுப் பிள்ளை யார் என்று அவைக்கு முதல் வாரமே தெரிந்துவிடும். இரவில் காட்டுப்பன்றி வந்தால் ஒதுங்கி நில்லும். அதுவும் உம்மைவிடச் சீனியர்.

கம்பளி எடும். ஹந்தானை மலையடிவாரத்தில் விடியற்காலைக் குளிர் கடற்கரைப் பிள்ளையின் எலும்பைத் தேடிப் பிடிக்கும். அம்மாவின் 'பனிக்குள்ளை திரியாதை' என்ற உபதேசத்தை ஊரில் நீர் பகிடியாக எடுத்திருப்பீர். அங்கே போனால் அது விஞ்ஞானம்.

பிறகு வாளி. வாளி விஷயத்தில் உமக்குப் பரம்பரை அறிவு உண்டு. அது பேராதனையில் உதவாது என்பதை இப்போதே சொல்லி வைக்கிறேன். முகாமில் அம்மா தண்ணீர் வரிசையில் வாளியை வைத்துவிட்டுப் போய் உலை வைத்தவா. வாளி நின்றால் ஆள் நின்ற மாதிரி. அதை நகர்த்துகிற துணிச்சல் ஒருவருக்கும் வராது. விடுதியில் ஆள் இல்லாத வாளி பொதுச் சொத்து. பெயர் எழுதினாலும் அப்படித்தான். சிவப்பு மையில் எழுதினால் எடுக்கிறவர் உம்முடைய பெயரைச் சொல்லி நன்றி சொல்லுவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கட்டிடத்தின் பெயரைப் படிப்பது

எல்லாரும் ஒரே இடத்தில் தங்கிப் படிக்க வேண்டும் என்பது சேர் ஐவர் ஜெனிங்ஸின் யோசனை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் அவர். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1952இல் பல்கலைக்கழகம் மகாவலிக் கரைக்கு வந்தபோது, பிள்ளைகள் ஒரு பாதியை விரிவுரையில் படித்தால் மற்றப் பாதியைச் சாப்பாட்டு மேசையிலும் விறாந்தையிலும் படிப்பார்கள் என்று நம்பி விடுதிகளைக் கட்டுவித்தார். ஒருவர் இருவர் என்று கணக்குப் போட்ட அறைகளுக்குள் இப்போது அதற்கு மேற்பட்ட கட்டில்கள். பிள்ளைகள் நெருங்கிப் பழக வேண்டும் என்ற அவருடைய ஆசை அவர் கேட்டதற்கு மேலாகவே நிறைவேறியிருக்கிறது.

விடுதிப் பெயர்களைச் சும்மா கடந்து போகாதேயும். ஒன்றுக்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் பெயர். இன்னொன்றுக்குச் சேர் ஜேம்ஸ் பீரிஸின் பெயர். இலங்கையில் ஒரே அறைக்குள் இருந்து பார்த்துச் சரிவராமல் போன முதல் சோடி அவர்கள்தான் என்று நான் நினைப்பதுண்டு. அறையின் பெயர் இலங்கைத் தேசிய காங்கிரஸ். 1919இல் குடிபுகுந்தார்கள், அருணாசலம்தான் முதல் தலைவர். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று பீரிஸும் இன்னொரு தலைவரும் அதற்கு முன்பே கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1921இல் தேர்தல் வந்தபோது அந்த ஆசனம் வரவில்லை. அருணாசலம் கட்டிலை மடித்துக்கொண்டு வெளியேறினார். இன்று இரண்டு பேரும் ஒரே வளாகத்தில் சீமெந்துச் சுவர்களாக நிற்கிறார்கள். ஒருவருக்கும் முறைப்பாடு இல்லை.

ஆகவே யன்னலோரக் கட்டில் யாருக்கு, ஒரே ஒரு பிளக்கில் யாருடைய சார்ஜர் எத்தனை மணிக்கு, லைற் எப்போது அணைவது என்று முதல் நாளே பேசும். எழுதியும் வையும். எழுதி வைத்ததை முழுக்க நம்பாதேயும்.

ஆள் ஆளாக

கூட மூன்று பேர் இருப்பார்கள். ஒருவர் மாத்தறைக்காரர், ஒருவர் ஹற்றன்காரர், மற்றவர் யாழ்ப்பாணத்தார் என்று வைத்துக்கொள்ளும். மூன்று பேரும் உம்மிடம் முதலில் கேட்பது ஊர். மயிலிட்டி என்று சொன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எதிர்பாரும். செய்தியில் வருகிற இடம். எல்லை தாண்டிய இந்திய இழுவைப் படகுகளைக் கடற்படை பிடித்தால் பலவற்றைக் கொண்டுவந்து கட்டுவது அங்கேதான். 'ஆ, அந்தப் போட்டெல்லாம் நிக்கிற இடம்!' என்பார்கள். ஓம் என்று சொல்லும். ஊரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கண்ணகை அம்மன் இருக்கிறா, என்றெல்லாம் முதல் நாளே விளக்கப் போனால் மற்றவர்களும் தங்கள் தங்கள் கோயில் வரலாற்றைத் தொடங்குவார்கள். விடியும்.

மாத்தறைக்காரரோடு என்ன மொழியில் கதைப்பது என்று பயப்படாதேயும். நீர் சிங்களத்தையும் அவர் தமிழையும் தப்பாகப் பேசுவீர்கள். நடுவில் இங்கிலீஷ் வந்து இரண்டு பேரையும் அவமானப்படுத்தும். மூன்றாம் வாரத்தில் இரண்டு பேரும் 'மச்சான்' என்பதோடு நிறுத்திக்கொண்டு மீதியைக் கையால் முடிப்பீர்கள். அவரும் கடற்கரைப் பிள்ளையாக இருந்தால் உமக்கு அதிர்ஷ்டம், ஒரு சின்னச் சிக்கலும். மயிலிட்டித் துறைமுகத்தைத் திருத்தி 2019 ஓகஸ்டில் திறந்தார்கள். தெற்கிலிருந்து வருகிற பலநாள் கலங்கள் வந்து கட்டின. எங்களுடைய சின்னப் படகுகளுக்கு இடமில்லை என்று ஊரவர்கள் குறைப்பட்டார்கள். உம்முடைய அப்பாவும் அவருடைய மாமாவும் அந்த இறங்குதுறையில் ஒருவரை ஒருவர் முறைத்திருக்கக் கூடும். அந்தக் கதையை முதல் தவணையில் எடுக்க வேண்டாம். வலை, எஞ்சின், மண்ணெண்ணெய் விலை என்று தொடங்கும். மண்ணெண்ணெய் விலையில் இந்த நாட்டில் கருத்து வேறுபாடே கிடையாது.

ஹற்றன்காரரிடம் பெரிய ஆள் மாதிரி நடக்காதேயும். யாழ்ப்பாணத்துக்கு இந்த வருத்தம் பழையது: ஒரே தமிழ் பேசுகிறவரின் தமிழைத் திருத்தப் போவது. 1948இல் அவருடைய பாட்டன்மாரின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்தபோது வடக்கின் தலைவர்கள் எல்லாரும் அவர்கள் பக்கம் நிற்கவில்லை. அது அவர் வீட்டில் மறக்காத விஷயம். அதோடு, சேர்ந்து இருப்பதில் உம்மைவிட அவர் மூத்தவர். உம்முடைய குடும்பம் 27 வருடம் பயின்றதை அவருடைய குடும்பம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் நூறு வருடத்துக்கு மேலாகப் பயின்றிருக்கிறது. பக்கத்து அறையில் இருமினால் யார் இருமினது, மருந்து வேணுமா என்று சுவரைப் பார்த்தே சொல்லுகிறவர்கள். அறைச் சண்டையில் நடுவராக அவரைப் போடும். முதற் குளிருக்கு உமக்குப் போர்வை தருகிறவரும் அவராகத்தான் இருப்பார்.

மிச்சம் இருப்பவர் நல்லூர்ப் பக்கத்து இன்னொரு யாழ்ப்பாணத்தார். உம்முடைய முழுக் கவனமும் தேவைப்படுவது இவரிடம்தான்.

இவர் 'எவடம்?' என்பார். மயிலிட்டி என்பீர். 'மயிலிட்டியிலை எவடம்?' என்பார். துறைமுகத்துக்குக் கிட்ட என்பீர். கொஞ்ச நேரம் விட்டு, 'அங்கை ஆற்றை ஆக்கள்?' என்பார். அவர் புவியியல் கேட்கவில்லை என்பது உமக்கு விளங்கும். விளங்காத மாதிரி இரும். 'இடம்பெயர்ந்து முதலிலை இருந்தது தெல்லிப்பளை, பிறகு அளவெட்டி, பிறகு...' என்று தொடங்கி எத்தனை முகாம், எத்தனை உறவினர் வீட்டு விறாந்தை, ஒவ்வொன்றிலும் எத்தனை மாதம் என்று ஒன்றும் விடாமல் சொல்லும். கேட்டவருக்குக் கொட்டாவி வரும் வரை சொல்லும். பிறகு பேசாமல் இருந்து அவர் தண்ணீர் குடிக்கிற கப்பை எங்கே வைக்கிறார் என்று ஒரு வாரம் பாரும். எல்லாரோடும் சேர்த்து மேசையில் வைத்தால் நல்ல பிள்ளை, கேள்வி வீட்டில் பழகின வாய்ப்பழக்கம். தனியே எடுத்துப் பெட்டிக்குள் வைத்தால், அந்தக் கப்பில்தான் நீர் தினமும் முகம் கழுவ வேண்டும்.

மாத்தறைக்காரரோடு சண்டை வந்தால் பத்திரிகையில் இனப்பிரச்சினை என்று போடுவார்கள். இவரோடு வருகிற பிரச்சினைக்குப் பத்திரிகையில் பக்கமே இல்லை.

கருவாட்டு நெறி

கட்டாக் கருவாடு கொண்டு போகாமல் இருப்பீர் என்று நான் நினைக்கவில்லை. நீர் வேண்டாம் என்றாலும் அம்மா உடுப்புகளுக்கு நடுவில் வைத்திருப்பா. முதல் ஆறு மாதம் உம்முடைய சேட்டுகள் உம்முடைய ஊரைச் சொல்லிக்கொண்டு திரியும்.

அறையில் சமைக்கக் கூடாது என்பது சட்டம். ஆனாலும் எந்த விடுதியிலும் கட்டிலுக்குக் கீழே ஒரு கேத்தில் உண்டு. கேத்திலில் முட்டை அவியும், நூடில்ஸ் அவியும், பருப்பும் ஒருவாறு அவியும். கருவாடு பொரியாது. பொரிக்கத் தாச்சி வேண்டும், ஹீற்றர் வேண்டும், துணிச்சல் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சப் வார்டன் ஊருக்குப் போயிருக்க வேண்டும். அப்படி ஒரு சனிக்கிழமை வாய்க்கும். பொரிக்கிற மணம் விறாந்தை வழியே போய் மேல் மாடிக்கு ஏறும். கதவுகள் திறக்கும். உமக்குத் தெரியாத முகங்கள், 'கரவல?' என்று கேட்டுக்கொண்டு, கையில் பாணோடு வந்து நிற்கும். நட்பு வளர்க்கக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் ஒருமுறை அந்த விறாந்தைக்கு வந்து பார்க்க வேண்டும்.

மச்சம் சாப்பிடாதவர் அறையில் இருந்தால் அவரிடம் முன்கூட்டியே அனுமதி கேளும். வெள்ளிக்கிழமை என்றால் ஒன்றுமே செய்யாதேயும். அன்றைக்கு அவரோடு குறிஞ்சிக் குமரன் கோயிலுக்கு மலை ஏறும். வேறு மதக்காரரும் வருவார், பிரசாதத்துக்கு.

இரவல்

சவர்க்காரம், துவாய், கல்குலேற்றர், காதலியைப் பார்க்கப் போகும்போது போடுகிற ஒரே நல்ல சேட்டு. இவை அறையின் பொதுவுடைமை. காசு மட்டும் வேறு. காசு இரவலுக்கு ஒரு தவணை வாக்கியம் உண்டு: 'மகாபொல வந்தவுடனை தாறன்.' மகாபொல என்பது லலித் அத்துலத்முதலி தொடக்கிய புலமைப்பரிசில். நாடெங்கும் வர்த்தகக் கண்காட்சி நடத்தி, லொத்தர் விற்று, 1981இல் நிதியத்துக்குச் சட்டமும் கொண்டுவந்து ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காசு. நல்ல திட்டம். அது எந்தத் திகதியில் வரும் என்பதுதான் விடுதியின் நிரந்தரச் சோதிடம். நாலு பேரும் ஒரே மகாபொலவை நம்பி ஒருவருக்கொருவர் கடன் கொடுத்திருந்தால் வந்த அன்று ஒருவருக்கும் லாபமில்லை, நட்டமுமில்லை. இதை விளங்கிக்கொள்ளப் பொருளியல் துறைக்குப் போகத் தேவையில்லை.

யார் யாரிடம் இரவல் வாங்கினது என்று பெரிய விஷயத்திலும் சண்டை பிடிப்பார்கள். மாத்தறைக்காரர் உம்மைத் திறந்தவெளி அரங்குக்கு, அவர்கள் சொல்லுகிற 'வல'வுக்கு, நாடகம் பார்க்கக் கூட்டிப்போவார். சரச்சந்திரவின் பெயரைச் சொல்லுவார். 1956இல் 'மனமே'யை மேடையேற்றியவர், பேராதனையில் படிப்பித்தவர். அதற்கு அவர் எடுத்தாண்ட நாடகம என்ற வடிவம் எங்களுடைய கூத்தின் வழியில் வந்தது. நீர் உடனே 'அது எங்கடை' என்று சொல்ல வாயெடுப்பீர். பொறும். அந்தச் சிங்கள அரங்கைப் பார்த்த ஊக்கத்தில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் அதே வளாகத்துத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்து 'கர்ணன் போர்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று எங்களுடைய கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். ஆக, எங்களுடைய துவாயை அவர்கள் எடுத்துத் துவைத்துக் கட்டியதைப் பார்த்த பிறகுதான், எங்களிடமும் ஒரு துவாய் இருந்தது எங்களுக்கு நினைவு வந்தது. கணக்கைத் தீர்க்க நினைக்க வேண்டாம். நாடகத்தைப் பாரும்.

பகிடிவதை

இந்த ஓர் இடத்தில் நான் பகிடி விடப் போவதில்லை. சீனியர் வந்து, இதெல்லாம் எல்லாரையும் சமமாக்கத்தான், நட்பு வரத்தான் என்று சொல்லுவார். 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் ஒரு மாணவி பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்து, பிறகு நடக்கவே இல்லை. 1997இல் பொறியியல் மாணவர் ஒருவர் பகிடிவதைக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகி இறந்தார். அடுத்த வருடம் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. கல்வி நிறுவனத்தில் பகிடிவதை குற்றம், மறியல் உண்டு. சமமாக்குகிற பயிற்சி உமக்குத் தேவையில்லை. உம்முடைய ஊரை 1990இல் ஒரே நாளில் சமமாக்கிப் பார்த்தாயிற்று. அறைக் கதவைப் பூட்டும், மற்ற மூன்று பேரையும் எழுப்பும், மாணவ ஆலோசகருக்கு எடும், வீட்டுக்கும் எடும். தனியே போகாதேயும்.

கோபம் போடுவது

அறைக்குள் ஒருநாள் யாரோ யாரோடோ கதைக்காமல் விடுவார். யாழ்ப்பாணத்தாருக்கு இதில் இயற்கைத் திறமை உண்டு. வேலிக் கதியாலை அரையடி தள்ளி நட்டார் என்று இரண்டு தலைமுறை முகம் பாராமல் வாழ்ந்த சனம். மேசையின் நடுவில் பேனையால் கோடு போட உமக்கும் மனம் வரும். போட முதல் ஒன்றை நினைத்துப் பாரும். 2017இல் மயிலிட்டிக்குத் திரும்பிப் போன சனம் முதலில் வேலியைத் தேடவில்லை. தேடினாலும் இருக்கவில்லை. வீடும் இல்லை, மதிலும் இல்லை. இது எங்கடை கிணறு, அப்ப அது உங்கடை பலாமரம் நின்ற இடம் என்று, முன்பு கோபமாக இருந்த இரண்டு குடும்பமும் ஒன்றாக நின்று அடையாளம் பிடித்தார்கள். ஒருவருடைய எல்லைக்கு மற்றவர்தான் சாட்சி. கோபம் போட்டாலும் சாட்சியை இழக்காத அளவில் போடும்.

பரீட்சைக் காலத்தில் எந்தக் கோபமும் தானாகத் தீரும். குப்பி எடுக்கிற (மற்றவர்களுக்குப் பாடம் விளங்கப்படுத்துகிற) ஆள் யாரோ, அவரோடு கோபமாக இருப்பதற்கு ஒருவருக்கும் வசதியில்லை.

அம்மாவின் ரெலிபோன்

அம்மா இரவு ஏழரைக்கு எடுப்பா. அறையில் ஒதுக்கம் கிடையாது, சத்தம் எல்லாருக்கும் கேட்கும். 'தம்பி சாப்பிட்டியே? என்ன கறி? மீனோ? என்ன மீன்?' நீர் என்ன மீன் என்று தெரியாமல் முழிப்பீர். மலைநாட்டுக் கன்ரீன் மீனுக்குப் பெயர் கிடையாது. ஒரு மாதம் போனால் மாத்தறைக்காரர் போனைப் பறித்து, 'அம்மா, சாப்பிட்டியே? என்ன மீன்?' என்று கேட்பார். அவர் கற்ற முதல் தமிழ் அதுதான். மரியாதை குறைகிறது என்று திருத்தாதேயும். அம்மா திருத்தமாட்டா. 'அறக்குளா ராசா, நீ வா, காய்ச்சித் தாறன்' என்பா. அவருக்கு 'வா' விளங்கும். மீதி உம்முடைய பொறுப்பு.

அப்படி விடுமுறைக்கு மூன்று பேரையும் கூட்டிப்போக நேர்ந்தால், பொல்காவலையில் மாறி காங்கேசன்துறை ரயிலைப் பிடியும். கடைசி ஸ்ரேசன்வரை நித்திரை கொள்ளலாம். ஊரைச் சுற்றிக் காட்டும். கட்டி வைத்திருக்கிற இந்தியப் படகுகளைப் படம் எடுக்கக் கேட்பார்கள். காவலில் நிற்கிறவரிடம் மாத்தறைக்காரரை அனுமதி கேட்கவிடும், வேலை விரைவாக முடியும். இரவு, வீடு சின்னது, நாலு பேருக்கு எப்படி இடம் காணும் என்று அம்மா கவலைப்படத் தொடங்குவா. நீர் விடுதி அறையின் நீள அகலத்தைச் சொல்லும். அம்மா உடனே முகாமில் ஏழு பேர் படுத்த தறப்பாள் கொட்டிலின் நீள அகலத்தைச் சொல்லுவா. ஹற்றன்காரர் லயத்து அறையின் அளவைச் சொல்லுவார். நல்லூர்ப் பக்கத்து யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவருக்குச் சுவரோரப் பாயைக் கொடும்.